‘ஆகட்டும்’ என்று சொல்லப் பழகுவது எப்படி: ஒரு திருவருகைக் காலத்தில் கற்றது

கிறிஸ்து அரசர் ஞாயிறன்று எங்கள் பங்குக் கோயிலில் என் மகளுக்கு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து கல்யாணம் வேண்டாமென்று போன் வந்தது. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலத்தின், அதாவது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் காத்திருக்கும் நான்கு வாரத்தின், முதல் ஞாயிறு. சாமியார் ஊதா உடுப்பில் வந்தார். பூசை முடிவில் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டார்கள். வாசலில் ஒரு சித்தி என் கையைப் பிடித்து, “எல்லாம் கடவுள் சித்தம்” என்றார். கையை உதறிவிட்டு வந்தேன்.

அந்த நான்கு வாரத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் எழுதுகிறேன். நான்கு வாரம் என்பது பேச்சுக்குத்தான். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்தத் தேதியில் விழுகிறதோ, அதைப் பொறுத்து 28 நாளும் கிடைக்கும், 22 நாளோடும் முடியும்.

முதலில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடவுளிடம் பச்சையாகச் சொல்லுங்கள். ‘உமது திருவுளம்’ என்று எடுத்தவுடன் ஆரம்பிக்க வேண்டாம். சாவதற்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே முதலில் கேட்டது இந்தக் கிண்ணம் தம்மை விட்டு அகலட்டும் என்றுதான். மற்றது அதன் பிறகு. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் ராத்திரி ஒரு வரி எழுதினேன். முதல் வாரம் முழுக்க ஒரே வரி: “இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும்.” எழுத வராத நாளில் திருப்பாடல் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். “ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்” என்று தொடங்கும். சின்னதுதான், கோபமாக இருக்கும்போதும் வாசித்து முடித்துவிடலாம்.

கேள்வி கேட்பதும் தப்பில்லை. இயேசுவைப் பெறுவாய் என்று வானதூதர் கபிரியேல் வந்து சொன்னபோது மரியாவும் “இது எப்படி நிகழும்?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் சம்மதம் சொன்னார்.

அடுத்தது மூவேளை செபம், மரியா சம்மதம் சொன்னதை நினைத்து நாளுக்கு மூன்று தடவை சொல்வது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. மணியடிக்கும் கோயில் பக்கத்தில் இல்லாவிட்டால் போனில் அலாரம் வையுங்கள். முழுசும் சொல்ல நேரமில்லையா? “இதோ ஆண்டவருடைய அடிமை, உமது வார்த்தையின்படி எனக்கு ஆகட்டும்” என்ற ஒரு வரி போதும். மதியம் பன்னிரண்டுக்கு நான் பெரும்பாலும் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். கையில் செதிலோடு அந்த வரியைச் சொல்வேன். பத்து நாள் வரை அது வாயளவில்தான் நின்றது. ‘எனக்கு’ என்ற சொல் வரும்போது மட்டும் தொண்டை அடைக்கும். அந்த நாள்களில் “ஆகட்டும் என்று சொல்ல மனசு தாரும்” என்று மாற்றிச் சொன்னேன். அதையும் செபமாகத்தான் நினைக்கிறேன்.

அப்புறம் மரியாவின் கணவர் சூசையப்பர். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. விழித்தெழுந்தார், சொன்னதைச் செய்தார். எனக்கு அதிகம் உதவியவர் அவர்தான், ஏனென்றால் செய்ய வேண்டிய வேலை மலைபோலக் கிடந்தது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டும். பத்திரிகை கொடுத்த 140 வீட்டுக்கும் சொல்ல வேண்டும். ஒரேயடியாக உட்கார்ந்தால் உடைந்துபோவேன் என்று தெரிந்து, ஒரு நாளைக்குப் பத்து வீடு என்று வைத்துக்கொண்டேன். சொல்வதற்கு ஒரே வாக்கியம்: “கல்யாணம் நின்னு போச்சு, பிள்ளைக்காக வேண்டிக்கிடுங்க.” காரணம் கேட்டால் “இன்னும் ஒன்பது வீட்டுக்குச் சொல்லணும்” என்று போனை வைத்துவிடுவேன். உங்களுக்கும் இப்படி ஒரு அடுத்த வேலை இருக்கும். மருத்துவமனை பில்லோ, பிள்ளையின் மார்க் ஷீட்டோ. திருவுளம் முழுவதும் விளங்கிய பிறகுதான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எதைக் கடவுளின் திருவுளம் என்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் எங்கள் குமரிக் கடலில் அடித்தது. அந்த வருடம் திருவருகைக் காலம் தொடங்கியது டிசம்பர் 3. ஆழ்கடலுக்குப் போனவர்களைக் காணாமல் கடற்கரை ஊர்களில் பெண்கள் கோயில் முற்றத்தில் கிடந்தார்கள். எச்சரிக்கை பிந்தி வந்ததைக் கடவுள் தலையில் கட்ட முடியுமா? தட்டிக் கேட்க வேண்டியதைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். என் விஷயத்திலும், கடைசி நேரத்தில் பேச்சு மாறியது மனிதர்கள். அதைத் திருவுளம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் அவரிடம் ஒப்படைத்தேன். அடுத்தவர் துக்கத்தில் நிற்கும்போது ‘கடவுள் சித்தம்’ என்ற சொல்லை நீங்கள் எடுக்கவே எடுக்காதீர்கள். அது அவரவர் தானாகச் சொல்ல வேண்டியது.

டிசம்பர் 3 எங்கள் பக்கத்துக் கோட்டாறு கோயிலில், மறைபரப்ப வந்த புனிதர் சவேரியாரின் பெருவிழா. பத்து நாள் திருவிழா, கடை, கூட்டம் எல்லாம் சேர்ந்து இந்தப் பக்கத்தில் திருவருகைக் காலத்தின் தொடக்கம் அடிபட்டுப் போகும் என்பது என் பழைய குறை. மகளின் கல்யாணம் நின்ற வருடம் அப்படித் தோன்றவில்லை. சவேரியார் 1552-இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் காத்திருந்தார். படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொன்ன வியாபாரி வரவேயில்லை. காய்ச்சலில் அங்கேயே இறந்தார், சீனாவுக்குள் கால் வைக்கவில்லை. நாம் தேரில் வைத்து இழுப்பது, நினைத்தது நடக்காமல் செத்த ஒரு மனிதரை. திருவிழாவுக்கு வருகிறவர்கள் மெழுகுதிரி ஏற்றும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

திருவருகைக் காலத்தில் ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்ற வீட்டில் நான்கு திரி வளையம் வைக்கிறவர்கள் ஊதாத் திரி கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். வெள்ளைத் திரியில் ஊதா ரிப்பன் சுற்றினால் போதும், மூன்றாம் ஞாயிற்றுக்கு மட்டும் ரோஸ். குடில் கட்டினால் 24-ஆம் தேதி ராத்திரி வரை குழந்தை இயேசுவை வைக்கும் முன்னணையைக் காலியாகவே விடுங்கள். அதையும் இதையும் வைத்து நிரப்பாதீர்கள். காலியாக இருக்கும் இடத்தைத் தினமும் பார்த்துப் பழகுவது எனக்கு நோட்டு எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது.

நோட்டை ஒளித்து வைக்காதீர்கள் என்பது கடைசி யோசனை. டிசம்பர் 22 ராத்திரி திறந்தபோது, என் வரிக்குக் கீழே மகளின் கையெழுத்து இருந்தது. “அம்மா, நான் என்னைக்கோ ஆகட்டும்னு சொல்லிட்டேன். இனி உனக்காக எழுது.” கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு தேதி போட்டு, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். அது இன்னும் முழுசாகப் போகவில்லை. இந்த வருடத்து நோட்டிலும் முதல் வரி அதுதான்.