சோலார் திட்டத்துக்குத் திருகோணமலையில் காணி பார்க்கும் முன்

திருகோணமலை மாவட்டத்தில் சோலார் திட்டம் அமைக்க வருபவர்கள் முதலில் பார்ப்பது வெயிலையும் மின்மார்க்கத்தின் தூரத்தையும்தான். இங்கே வில்லங்கம் வருவதோ பெரும்பாலும் காணியில்.

சம்பூரில் 2006இல் மக்கள் இடம்பெயர்ந்த நிலப்பரப்பில் அனல் மின்நிலையம் திட்டமிடப்பட்டு, 2016இல் அது கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் சூரிய மின் திட்டத்துக்கு ஆரம்ப விழா நடந்தது. அதே ஆண்டில் முத்துநகரில், துறைமுக அதிகாரசபைக்குரியதென்று சொல்லப்பட்ட காணி சோலார் நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, அதில் விதைத்துவந்த விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். வர்த்தமானியில் ஒருவர் பெயரும் வயலில் இன்னொருவர் உழைப்பும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

ஆகவே முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் சென்று, அது உறுதிக்காணியா (தனியாருக்கு உறுதி உள்ளது), அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), அளிப்புக் காணியா (அரசு அளிப்புப் பத்திரத்தில் கொடுத்தது), அரச காணியா என்று அறியுங்கள். அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் தாம் விரும்பியபடி கைமாற்ற முடியாது. அவருடன் நீங்கள் தனியே எழுதும் ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது விவசாயிகளின் வயற்காணி, பசளை விடயங்களைப் பார்க்கும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையம். வயற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. அங்கே பசளை மானியம் யார் பெயரில் போகிறது என்றும் கேளுங்கள். காணியை உண்மையில் செய்பவர் யாரென்று அந்த ஒரு விவரமே பல வேளைகளில் காட்டிவிடும்.

காணியை ஆகஸ்டில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மாட்டுக் குளம்படி பதிந்து வெடித்துக் கிடக்கும் அந்தப் பள்ளம் அப்போது வெறும் தரிசாகத்தான் தெரியும். மாரி மழைக்குப் பின், விவசாயச் சம்மேளனத்தின் செயலாளருடன் வரம்பில் நடந்தால், அது கீழ்வயலுக்கு நீர் கொடுக்கும் சிறுகுளம் என்பது விளங்கும். அதை மண் போட்டு நிரப்பிய நாளில் ஊர் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

வன, வனசீவராசிகள், தொல்லியல் திணைக்களங்களின் பதிலை எழுத்தில் பெறுங்கள். கிழக்கில் தொல்லியல் என்பது வெறும் கல்லைப் பற்றிய விடயமன்று. 2020இல் இம்மாகாணத்துக்கென்றே தொல்லியல் மரபுரிமைக்கான ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அரசியல்வாதியின் வாய்ச்சொல்லை அனுமதியாகக் கொள்ளாதீர்கள்.

மின்விலையும் அரசுடன் சேர்ந்து மாறும். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தின் விலையைப் புதிய அரசு மீளப் பேச முற்பட்டதும் 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியது. அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, மின்தேவை குறைந்ததால், கூரைச் சோலார்களை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டது. வங்கிக்கு வருமானக் கணக்குக் கொடுக்கும்போது அத்தகைய நாட்களைக் கழித்தே எழுதுங்கள்.