வார்ப்பிரும்புப் பீரங்கி வெடிப்பதற்கான விதை வார்ப்புக் குழியில்தான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வெடித்துச் சிதறிய பெரிய பீரங்கிகளுக்கு, மருந்தை அளவுக்கு மீறிப் போட்டார்கள் என்று சிப்பாய்கள் மேல் பழி போடுவது எளிது. ஆனால் கோளாறு பெரும்பாலும் வார்ப்படக் கூடத்திலேயே தொடங்கிவிட்டது.

தலையாய தவறு, பீரங்கியை நடுவில் துளையில்லாமல் கெட்டியாக வார்த்து, வெளிப்புறத்திலிருந்து ஆறவிட்டுப் பிறகு துளை போடுவது. வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் இரும்பு அதன்பின் சுருங்க முயலும்போது வெளித்தோல் விடாது. அதனால் துளையை ஒட்டிய பகுதி, சுடுவதற்கு முன்பே உள்ளூர இழுபட்டுக் கிடக்கும். வெடிமருந்தின் அழுத்தமும் அதே இடத்தில்தான் முதலில் மோதும். அமெரிக்க ராணுவ ஆயுதத் துறை அதிகாரி தாமஸ் ராட்மன் இதைத் தலைகீழாக்கினார்: அச்சின் நடுவில் குழாய் பொருந்திய கரு, அதற்குள் ஓடும் தண்ணீர், குழியைச் சுற்றி நெருப்பு. உட்புறம் முதலில் இறுகும்; வெளிப்புறம் மெல்ல ஆறி, அதை இறுக்கிப் பிடிக்கும். 1849 சோதனையில் ஒரே இரும்பில் வார்த்த இரண்டு 8 அங்குலத் துளைப் பீரங்கிகளில், கெட்டியாக வார்த்தது 85-ஆம் சுடுதலில் வெடித்தது. உள்ளீடற்று வார்த்தது 251 வரை தாங்கியது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்தது உலை. பீரங்கி இரும்பை எரிபொருளோடு கலந்து உருக்கினால் கந்தகம் ஏறும். தீநாக்கு மட்டும் இரும்பின் மேல் படும் எதிரனல் உலையே இதற்கு ஏற்றது. அச்சை அடிப்பகுதி கீழாகவும் வாய் மேலாகவும் நிறுத்தி, வாய்க்கு மேலே உபரி உலோகம் விட வேண்டும். கசடும் சுருக்கக் குழியும் அங்கே ஏறிவிடும். பிறகு வெட்டி எறியலாம். இரும்பை மிச்சம் பிடிக்க இதைக் குறைக்கவே கூடாது.

பீரங்கிக்கு வலுவூட்ட வெளியே போடும் பட்டையைப் பற்றிய தப்புக் கணக்கு இன்னும் நுட்பமானது. ராபர்ட் பாரட், வெஸ்ட் பாயின்ட் வார்ப்படக் கூடத்தில், வார்ப்பிரும்பின் அடிப்பகுதிமேல் தேனிரும்புப் (அடித்து வளைக்கக்கூடிய இரும்பு) பட்டையைச் சூடாக ஏற்றினார். பட்டை ஒரே சீராகப் பிடிக்க, குழலைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தண்ணீர் பாய்ச்சினார். நல்ல வேலைதான். ஆனால் பட்டை, குழல் பக்கவாட்டில் பிளப்பதை மட்டுமே தடுக்கும். அடிப்பகுதியைப் பின்னோக்கித் தள்ளும் விசையை வார்ப்பிரும்பு தனியாகவே தாங்க வேண்டும். பட்டைக்கு முன்னால் இருக்கும் குழலுக்கும் துணை கிடையாது. 1863 ஆகஸ்டில் சார்ல்ஸ்டன் மேல் சுட்ட 8 அங்குலப் பாரட் பீரங்கியின் அடிப்பகுதி, 36-ஆம் சுடுதலில் பிய்த்துக்கொண்டு போயிற்று. 1864 டிசம்பரில் ஃபிஷர் கோட்டையைக் கடற்படை தாக்கியபோதும் 100 பவுண்டர் (100 பவுண்டு எடைக் குண்டு வகை) பாரட் பீரங்கிகள் வெடித்தன. மருந்து அடைத்த குண்டின் உட்சுவர் சொரசொரப்பாக இருந்தால், உராய்வில் அந்த மருந்து குழலுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே உள்ளே வார்னிஷ் பூசுவதை விட்டுவிடலாகாது.

உலோகம் மாறும்போது வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்வதும் தவறு. வெண்கலம் புடைத்துக் காட்டும். வார்ப்பிரும்பு எச்சரிக்காமல் உடையும். 1863 இறுதியில் வெண்கலத்துக்கு வேண்டிய டென்னசியின் டக்டவுன் சுரங்கச் செம்பு தென் மாநிலங்களின் கைவிட்டுப் போனதும், ரிச்மண்டின் டிரெடிகர் ஆலை அதுவரை வெண்கலத்தில் வார்த்த 12 பவுண்டர் ‘நெப்போலியன்’ ரகப் பீரங்கிகளை இரும்பில் வார்க்க வேண்டியதாயிற்று. 1864-இல் வந்த அந்த இரும்பு நெப்போலியன்களின் அடிப்பகுதியில், வெண்கலத்தில் இல்லாத பட்டையொன்றைச் சேர்த்தே அனுப்பினார்கள்.