கலப்பு ஊடக ஓவியம்: எது அடியில், எது மேலே என்பதில் நேரும் தவறுகள்

மும்பையில் மழை ஓயாத ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்கள், காகிதத்தில் வேலை செய்பவர்களின் பிழைகளை ஒன்றுவிடாமல் வெளியே கொண்டுவந்துவிடும். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வரையும் சிறு குழுவில், நீர்வண்ணத்திலோ கோட்டோவியத்திலோ நன்றாகக் கை பழகியவர்கள்கூட, வண்ணத்தோடு காகிதத்தையும் துணியையும் சேர்த்து வேலை செய்யத் தொடங்கியதும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கற்பனையில் எந்தக் குறையும் இருப்பதில்லை. எந்தப் பொருள் எதன் மேல் நிற்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

1912-இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டி, கயிற்றையே அதற்குச் சட்டமாகச் சுற்றியதிலிருந்து இந்தக் கலையின் கதையைத் தொடங்குவது வழக்கம். ஆனால் நம் வீட்டுப் பூசையறையில் தொங்கும் தஞ்சாவூர் ஓவியமும் பல பொருள்கள் சேர்ந்து உருவானதுதான். பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சைத் தடவி, உலர்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கி, கோடு வரைந்து, புடைப்பு வேலை செய்து, கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டி, அதன்பிறகே வண்ணத்துக்கு வருவார்கள். இந்த வரிசையில் ஒன்றை முன்பின்னாக மாற்றினாலும் வேலை கெட்டுவிடும். கலப்பு ஊடகத்தில் இறங்குபவர் முதலில் கற்க வேண்டியது இந்த அடுக்கு ஒழுங்கைத்தான்.

மிகப் பெரிய தவறு, எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசுவது. அக்ரிலிக் வண்ணத்திலுள்ள நீர் ஆவியானதும் சில நிமிடங்களில் அது ஒரு நெகிழிப் படலமாக இறுகிவிடுகிறது. எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே அந்த மாற்றம் பல மாதங்கள் தொடர்கிறது. வழுக்கும் எண்ணெய்ப் பரப்பை நீர் கலந்த அக்ரிலிக் கவ்விப் பிடிக்க முடியாது. இன்று பிடித்ததுபோல் தெரிந்தாலும் பின்னாளில் செதில் செதிலாக உரியும். மறுபக்கமாக, முழுவதும் உலர்ந்த, மிகக் கனமில்லாத அக்ரிலிக் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணத்தைத் தாராளமாகப் பூசலாம். அவசரமாகக் கீழ்வண்ணம் இட வேண்டுமென்றால் அக்ரிலிக்கில் இடுங்கள், எண்ணெயில் முடியுங்கள்.

ஆயில் பேஸ்டலைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: நாள்பட்டால் அது உலர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். மெழுகும் உலராத எண்ணெயும் சேர்ந்த அந்தக் குச்சி ஒருநாளும் முழுமையாக உலர்வதில்லை. ஆகவே அதன் மேல் அக்ரிலிக் பூசுவதும் காகிதம் ஒட்டுவதும் வீண் வேலை. அதை இறுதி அடுக்காக வைத்துக்கொள்ளலாம். அல்லது நீரை விலக்கும் அதன் இயல்பையே பயன்படுத்தி, முதலில் கோடுகளை இட்டு, அவற்றின் மேல் மெல்லிய நீர்வண்ணத்தை ஓட விடலாம். மழையில் நனைந்த தார்ச்சாலையின் மினுமினுப்பை இந்த முறையில் மிக அழகாகக் கொண்டுவர முடியும்.

கோட்டோவியர்களுக்கு நேரும் விபத்து பெரும்பாலும் பேனாவிலிருந்து வருகிறது. மை காய்ந்துவிட்டது என்பதும் அது நீரில் கரையாது என்பதும் இரு வேறு செய்திகள். புதிய பேனா வாங்கியதும், நீங்கள் பயன்படுத்தும் அதே காகிதத்தில் சில கோடுகள் இழுத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சிலவற்றின் மீதும் மறுநாள் மற்றவற்றின் மீதும் ஈரத் தூரிகையை ஓட்டிப் பாருங்கள். நீர்வண்ணமும் இப்படித்தான்: வேலம்பிசின் வகையைச் சேர்ந்த பிசினால் கட்டப்பட்ட அந்த நிறம், உலர்ந்த பிறகும் ஈரம் பட்டால் மீண்டும் கரையும். அதன் மேல் பசை தடவிக் காகிதம் ஒட்டும்போது நிறம் கலங்கிச் சேறாவதற்குக் காரணம் இதுவே. ஒட்டும் வேலையை முடித்துவிட்டு நீர்வண்ணத்துக்கு வருவது நல்லது.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) தாள் பென்சிலையும் பேனாவையும் தாங்கும். பசையையும் பல அடுக்கு வண்ணத்தையும் தாங்காமல் சுருளும். 300 ஜிஎஸ்எம் தாளை எடுத்து, இரு பக்கமும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஒட்டும் பொருள்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நேர்ந்த ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். என் தாயார் திருநெல்வேலியிலிருந்து எழுதிய இன்லேண்ட் கடிதங்களில் மூன்றை, அசல் தாள்களாகவே, மைதாப் பசை காய்ச்சி ஒரு பெரிய படத்தில் ஒட்டினேன். பசையின் ஈரத்தில் அவருடைய மை அன்றே பரவியது. அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை படர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு வெள்ளிமீன் பூச்சிகள் மாவுப்பசையைத் தேடி வந்து எழுத்துகளையும் சேர்த்தே அரித்துவிட்டன. அந்தக் கையெழுத்து இனி எனக்குக் கிடைக்காது. மீண்டும் பெற முடியாத எதையும் ஒட்டாதீர்கள். அதன் நகலை ஒட்டுங்கள். நகல் எடுக்கும்போதும், சாதாரண இங்க்ஜெட் அச்சு பல நேரங்களில் ஈரத்தில் பரவும் என்பதையும், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் டோனர் அச்சு கரையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாவுப்பசைக்குப் பதிலாக அக்ரிலிக் மேட் மீடியத்தை (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் பூச்சு) அடியிலும் மேலும் மெல்லியதாகத் தடவி ஒட்டினால் பூச்சிக்கு அங்கே உணவு இருக்காது.

தமிழ் நாளிதழ்த் துண்டுகளின் மீது நம் குழுவில் எல்லோருக்கும் ஆசை உண்டு. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த எழுத்துருவே ஒரு படமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் செய்தித்தாளின் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால், ஒளியும் காற்றும் பட்டதும் அது மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும். மேலே எதைப் பூசினாலும் அது முற்றிலும் நிற்பதில்லை. அமிலமற்ற தாளில் நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு. கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருவதால், சில ஆண்டுகளில் எழுத்தே மறைந்து வெறும் தாளாகிவிடும்.

மஞ்சள், குங்குமம், கோலப்பொடி போன்ற நம் வீட்டுப் பொருள்களையும் பலர் ஆர்வத்தோடு எடுத்து வருகிறார்கள். ஆரத்தி கரைப்பவர்களுக்குத் தெரியும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று. அக்ரிலிக் வண்ணங்களும் மீடியங்களும் சற்றுக் காரத்தன்மை கொண்டவை என்பதால், மஞ்சள்தூள் அவற்றோடு சேரும்போதும் நிறம் செம்மைக்கு நகரக்கூடும். அதைவிட முக்கியமாக, மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துவிடும். அரிசிமாவுக் கோலப்பொடி பூச்சிகளை அழைக்கும். கல்மாவு அப்படிச் செய்யாது. இந்தப் பொருள்களின் நினைவும் மணமும் படத்துக்கு வேண்டுமென்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் நிறம் நிலைக்க வேண்டிய இடத்தில், ஒளியில் மங்காதது என்று குழாயின் மேல் குறிக்கப்பட்ட வண்ணத்தையே நாடுங்கள்.

இவையெல்லாம் பொருள்களின் குணம் சார்ந்தவை. பார்வை சார்ந்த ஒரு தவறு இவற்றைவிட எனக்கு வருத்தம் தருகிறது: கையில் கிடைத்த பொத்தான், சரிகை, தாராவித் தையற்கூடத்துத் துண்டுத் துணி எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஏற்றிவிடுவது. மும்பை ஓவியர் அதுல் தோடியா, கடைகளுக்குப் போடும் இரும்பு ஷட்டர்களின் மேல் வரைந்தார்; ஷட்டரைத் தூக்கினால் பின்னால் இன்னொரு ஓவியம் தெரியும். மூடியிருப்பதும் திறப்பதும் அந்தப் படைப்பின் பொருளாகவே இருப்பதால், அங்கே ஷட்டருக்குப் பதிலாக வேறொன்றை வைத்துப் பார்க்க முடியாது. நீங்கள் ஒட்டவிருக்கும் சரிகைக்கும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அதை வண்ணத்தாலேயே வரைந்துவிட முடியுமென்றால், வரைந்துவிடுவதே மேல்.

முடித்த படங்களைப் பாதுகாப்பதிலும் இந்த ஊரின் ஈரப்பதத்தை மறக்கக் கூடாது. அக்ரிலிக் பூசிய இரண்டு பக்கங்கள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டும் கிழியும். ஸ்கெட்ச் புத்தகத்தை மூடும் முன் பக்கங்களுக்கிடையே கேக் சுடும்போது தட்டில் விரிக்கும், சிலிகோன் பூசிய பேக்கிங் தாளை வையுங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுண்ட் போர்டால் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) இடைவெளி விடச் சொல்லுங்கள். புடைப்பு வேலை இருந்தால் அதைவிட ஆழமான சட்டம் வேண்டும். மழைக்கு வெளிப்படும் சுவரில் படத்தை மாட்டாதீர்கள்.

புதிய சேர்க்கை எதையும் நேரே படத்தில் முயலாமல், உள்ளங்கை அகலத் துண்டுத் தாளில் அதே வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பின்புறத்தில் எந்தெந்தப் பொருள், எந்த வரிசை, எந்தத் தேதி என்று எழுதி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். என் ஜன்னலில் இப்போது பதினொரு துண்டுகள் இருக்கின்றன. இந்த மழை முடிந்ததும் மூடிய பாதியைத் திறந்து ஒப்பிட்டபிறகே அடுத்த படத்தைத் தொடங்குவேன்.