கஜகஸ்தானின் எரிசக்திக் கணக்கை வாசிக்கும் முறை

கஜகஸ்தானைப் பற்றி எழுத முனைவோர் பலர் எரிசக்தி உற்பத்தி, நுகர்வு, பசுங்குடில் வாயு உமிழ்வு ஆகிய மூன்று எண்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகவே பெறப்படுவதாக எண்ணிக்கொள்கின்றனர். அந்நாட்டில் தோண்டி எடுக்கப்படுவதன் பெரும்பகுதி வேறு நாடுகளில் எரிக்கப்படுவதால், மொத்த எண்களை விட்டுவிட்டு ஒவ்வொரு எரிபொருளாகப் பின்தொடர்வதே சரியான வழி.

எண்ணெயிலிருந்து தொடங்கலாம். தெங்கிஸ், கஷகான், கரச்சகனாக் ஆகிய மூன்று பெரு வயல்களை முதன்மையாகக் கொண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கோடி டன் எண்ணெய் எடுக்கப்படுகிறது. இதில் பெரும்பகுதி குழாய்வழியே ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்குக்குச் சென்று கப்பலேறுகிறது. அவ்வெண்ணெயை எரிப்பதால் எழும் கரியமில வாயு வாங்கும் நாட்டின் கணக்கில் சேரும்; எடுப்பதிலும் நாட்டுக்குள் பதப்படுத்தி அனுப்புவதிலும் உண்டாகும் உமிழ்வு மட்டுமே கஜகஸ்தானுக்கு உரியது. யுரேனியத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. உலக உற்பத்தியில் சுமார் 40 விழுக்காடு இந்நாட்டுடையது என்றாலும், சர்வதேச எரிசக்தி அட்டவணைகள் அணு உலையில் வெளிப்படும் வெப்பத்தையே உற்பத்தியாகக் கொள்கின்றன. அக்தாவ் அணு உலை 1999-இல் மூடப்பட்டதால் அட்டவணையின் அணுசக்தி வரி வெறுமையாகவே நிற்கிறது. 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்ற அணுமின் நிலையம் பல்காஷ் ஏரிக்கரையில் இயங்கத் தொடங்கிய பின்னரே அது நிரம்பும்.

அதிகக் கவனம் நிலக்கரிக்கே தேவை. மின்சாரத்தில் பாதிக்கும் மேல் இதிலிருந்து கிடைக்கிறது. எகிபாஸ்துஸ் சுரங்கங்களின் கரியில் சாம்பல் ஏறத்தாழ 40 விழுக்காடு. டன் கணக்கை நேரடியாக உமிழ்வாக மாற்றுவோர் இங்கேதான் தவறுகின்றனர். பொதுவான பிட்டுமினஸ் (நடுத்தர வகை) கரிக்குரிய, டன்னுக்கு 25.8 கிகாஜூல் (வெப்ப ஆற்றல் அலகு) என்ற வெப்ப மதிப்பை எடுத்து, ஒரு கிகாஜூலுக்கு 94.6 கிலோ கரியமில வாயு என்ற உமிழ்வுக் காரணியால் பெருக்கினால், ஒரு டன் கரிக்கு 2.4 டன்னுக்கும் சற்று மிகுதியான கரியமில வாயு வரும். எகிபாஸ்துஸ் கரியின் வெப்ப மதிப்போ ஏறத்தாழ 16 முதல் 17 கிகாஜூல்தான். அதைக் கொண்டு கணக்கிட்டால் விடை சுமார் 1.6 டன்னாகக் குறைகிறது. எனவே எடையை முதலில் வெப்பமாகவும், பிறகு வெப்பத்தை உமிழ்வாகவும் மாற்ற வேண்டும். சோவியத் மரபில் வந்த ஆவணங்களில் 29.3 கிகாஜூல் கொண்ட 'நியம எரிபொருள் டன்' அலகாக இருக்கும். சர்வதேச அட்டவணைகளின் எண்ணெய்ச் சமன் டன் 41.868 கிகாஜூல் கொண்டது. இரண்டும் 'டன்' என்றே எழுதப்படுவதால் தலைப்பு வரியைப் படிக்காமல் எண்ணை எடுக்கக் கூடாது.

இயற்கை எரிவாயுவில் மொத்த உற்பத்தி, விற்பனைக்குரிய உற்பத்தி என்ற இரண்டு எண்கள் உண்டு. வெளிவரும் வாயுவில் கணிசமான பங்கு அழுத்தத்தைத் தக்கவைக்க மீண்டும் நிலத்தடிக்கே செலுத்தப்படுவதால், நுகர்வோடு ஒப்பிட இரண்டாவது எண்ணே பொருந்தும்.

மின்சாரத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வடக்கில் கரி மின்நிலையங்கள் செறிந்துள்ளன; தெற்கு நீண்ட காலமாக வடக்கின் மின்சாரத்தையும் அண்டை நாடுகளையும் நம்பியிருக்கிறது; எரிவாயுவில் இயங்கும் மேற்கு, ரஷ்ய வலையமைப்பின் வழியாகவே ஏனைய பகுதிகளோடு தொடர்பு கொண்டிருந்தது. இதனால் மேற்கிலுள்ள அதிராவ் பகுதி எண்ணெய் வயல் ஒன்றின் மின் பயன்பாட்டுக்கு நாட்டுச் சராசரி உமிழ்வுக் காரணியைப் பயன்படுத்துவது பொருத்தமற்றது. மேலும், கரி நிலையங்கள் பல, கடுங்குளிர்கால நகரங்களுக்கு வெந்நீர்க் குழாய்களில் வெப்பத்தையும் அனுப்புகின்றன. அவற்றின் உமிழ்வு முழுவதையும் மின்சாரத்தின் மீது சுமத்தினால் ஒரு யூனிட்டின் கணக்கு வீணாக ஊதிப்போகும்.

கடைசியாக, உமிழ்வு எண் எவற்றையெல்லாம் உள்ளடக்குகிறது என்று கேட்டறிய வேண்டும். 2013-இல் தொடங்கி, 2016, 2017 ஆம் ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, 2018-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த உமிழ்வு வணிக முறை (ஆலைகள் உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் ஏற்பாடு), பெரிய ஆலைகளின் கரியமில வாயுவை மட்டுமே அளக்கிறது. கரகண்டி நிலக்கரிச் சுரங்கங்களின் மீத்தேனும், 2023-இல் மங்கிஸ்தாவ் பகுதி எண்ணெய்-எரிவாயுக் கிணறு ஒன்றிலிருந்து ஆறு மாதங்களுக்கும் மேலாக வெளியேறிய மீத்தேனும் அதில் இடம்பெறா. அவற்றைத் தேசியப் பசுங்குடில் வாயு அறிக்கையின் 'கசிவு உமிழ்வு' பகுதியில் தேடி, தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.