தெருப் புகைப்படத்தைப் பொறுமையாகப் பார்ப்பது எப்படி?

நல்ல தெருப் புகைப்படத்தைப் பார்த்ததும் ‘செம டைமிங்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். டைமிங் அதில் ஒரு பங்குதான். மீதியைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர். தேடினால் உடனே கிடைக்கும்.

1. போனில் பார்க்காதீர்கள். இன்ஸ்டாகிராம் கட்டங்களில் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். நூலகத்தில் புகைப்படப் புத்தகம் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை. கிடைக்காவிட்டால் மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்கள் அமைப்பின் இணையதளத்தைக் கணினியில் திறந்து முழுத்திரையில் பாருங்கள்.

2. படக்குறிப்பை மறைத்துவிட்டு மூன்று நிமிடம் பாருங்கள். கண்ணில் படும் பொருள்களை மட்டும் எழுதுங்கள்: ஏணி, வளையங்கள், சுவரொட்டி, கடிகாரம். ‘அழகு’, ‘சோகம்’ எல்லாம் இப்போது வேண்டாம்.

3. பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். எங்கே பார்த்தாலும் கண் அந்த மனிதரிடமே திரும்பும். கட்டைவிரலால் அவரை மறையுங்கள். பின்சுவர்ச் சுவரொட்டியில் ஒரு நடனக் கலைஞர் அதே தாவலை எதிர்த்திசையில் தாவுவது இப்போது தெரியும். நீரில் கிடக்கும் ஏணியிலிருந்துதான் குதிக்கும் மனிதர் கிளம்பியிருக்கிறார். நீர் இன்னும் அசைகிறது. விரலை எடுத்துவிட்டுக் குதிகாலைப் பாருங்கள். குதிகாலுக்கும் நீரில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி. கால் இன்னும் நீரைத் தொடவில்லை. அடுத்து சுவரொட்டியை மறையுங்கள்: குட்டையைத் தாண்டும் ஓர் ஆள் மட்டுமே மிஞ்சுவார். எதை மறைத்தால் படம் பலவீனமாகிறதோ, அதுதான் படத்தைத் தாங்குகிறது.

4. நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டுங்கள். இந்தப் படம் வேலிப் பலகைகளின் இடைவெளி வழியாக எடுக்கப்பட்டது. இடப்பக்கம் பலகை படத்துக்குள் வந்துவிட்டதால் அந்த ஓரத்தைப் பிறகு வெட்ட வேண்டியிருந்தது. படத்தை வெட்டுவதை கார்த்தியே-பிரெசோன் பொதுவாக அனுமதித்ததே இல்லை. ஆகவே அவருடைய மற்றப் படங்களில் பெரும்பாலும் ஓரம் எங்கே முடிகிறது என்பது க்ளிக் செய்யும்போதே எடுத்த முடிவு. அதையும் சேர்த்துப் பாராட்டுங்கள்.

5. ஒருவருடைய இருபது படங்களையாவது சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் அகலக் காட்சி தரும் 28 மி.மீ. லென்ஸோடு கிட்டே போனவர். சட்டகம் ஆட்களால் நிரம்பி வழியும். இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் விவியன் மேயர், மேலிருந்து பார்த்து எடுக்கும் ரோலைஃபிளெக்ஸ் கேமராவை இடுப்பருகே பிடித்துக் குனிந்து பார்த்து எடுத்தார். அதனால் பல முகங்களைக் கீழிருந்து பார்க்கிறோம்.

பின்சேர்க்கை: வண்ணப் படங்களில் மூன்றாவது படி சரியாக வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். வண்ணத்தில் எடுக்கும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அலெக்ஸ் வெப்பின் படங்களில் ஆட்களை விட்டுவிட்டு நிழலின் எல்லைகளைத் தொடருங்கள். எந்த நிறம் எங்கெங்கே திரும்ப வருகிறது என்று குறியுங்கள். இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் அம்பாசடர் காரிலிருந்து எடுத்த படங்களில் கதவும் கண்ணாடிகளும் காட்சியைத் துண்டு போடும். ஒவ்வொரு துண்டையும் தனிப் படமாகப் பார்த்து முடித்த பிறகு முழுப் படத்துக்கு வாருங்கள்.