இங்கிலாந்தில் வேகக் கமரா வழக்கை எதிர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொலிஸ் கடிதம் வந்ததும் ஆத்திரம் வரும். ஆத்திரத்தோடு எழுதிய பதில்தான் பிறகு வழக்கைக் கெடுக்கும். புதிதாக இந்தக் கடிதத்தைப் பிரிப்பவர்கள், ஏற்கெனவே அடிபட்டவர்கள் விழுந்த அதே இடத்தில்தான் திரும்பவும் விழுகிறார்கள். கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள், நீதிமன்றத்துக்கு நேரத்தோடு போங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். கீழே உள்ளவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை. ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

யார் அனுப்பிய டிக்கெட் என்று பார்க்காமல் தொடங்குவது

சந்தியில் கோடிட்ட மஞ்சள் பெட்டி, பஸ் பாதை, தரிப்பிடம் ஆகியவற்றுக்குக் கவுன்சில் அனுப்புவது குற்றவியல் வழக்கல்ல. அது தீர்ப்பாயத்துக்குப் போகும், நீதவானிடம் போகாது. லைசென்ஸில் பொயின்டும் (தண்டப் புள்ளியும்) ஏறாது. சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் தனியார் கம்பனி அனுப்புவது இன்னொரு வகை. அது வெறும் பணக் கோரிக்கை. விட்டுவிட்டால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். வேகம், சிவப்பு விளக்கு, கைத்தொலைபேசி என்று பொலிஸ் அனுப்புவது மட்டுமே குற்றவியல். ஒன்றுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் ஆபத்து. "பதில் போடாமல் விடு, ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று தனியார் கார் பார்க் விவகாரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பொலிஸ் கடிதத்தையும் லாச்சிக்குள் போட்டவர்கள் ஏராளம்.

"யார் ஓட்டியது?" என்ற கேள்விக்குப் பதிலாக வாதத்தை எழுதி அனுப்புவது

அதிகம் சேதம் செய்யும் தவறு இதுதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இது குறையவில்லை என்பதுதான் வேதனை.

முதல் உறைக்குள் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, வழக்குத் தொடரப்படலாம் என்ற அறிவித்தல். மற்றது, 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி, அந்த நேரத்தில் காரை ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் சொல்லும்படி பதிவு உரிமையாளரிடம் கேட்கும் படிவம். பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். "நான் அந்த வேகத்தில் போகவில்லை. கமரா பிழை. முதலில் படத்தை அனுப்புங்கள், பிறகு பேசலாம்" என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதுகிறார்கள். படிவம் வெறுமையாகவே திரும்பிப் போகிறது, அல்லது போகவே இல்லை. 28 நாள் முடிந்த அன்று, வேகத்தோடு சம்பந்தமே இல்லாத புதிய குற்றம் ஒன்று முழுமையாகிவிடுகிறது.

இந்த இரண்டு குற்றங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 மைல் வீதியில் 38 மைல் வேகத்தில் போனவருக்குப் பெரும்பாலும் வேக விழிப்புணர்வு வகுப்பு கிடைக்கும். முந்தைய மூன்று வருடத்துக்குள் அப்படி ஒரு வகுப்புக்குப் போயிருக்கக்கூடாது. வகுப்பு கிடைக்காவிட்டால் 100 பவுண் தண்டப்பணமும் 3 பொயின்டும். சாரதியின் பெயரைச் சொல்லத் தவறியதற்கோ 6 பொயின்ட், 1000 பவுண் வரை தண்டப்பணம், லைசென்ஸில் எம்எஸ்90 என்ற குறியீடு. சாதாரண வேகக் குற்றத்தின் எஸ்பி30ஐப் பார்ப்பதுபோல் காப்புறுதிக் கம்பனிகள் எம்எஸ்90ஐப் பார்ப்பதில்லை. எதையோ மறைத்தவர் என்றுதான் எடுத்துக்கொள்கின்றன. கட்டணம் கடுமையாக ஏறும். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர் என்றால், அந்த 6 பொயின்டோடு லைசென்ஸே ரத்தாகும். தியரி, பிரக்டிக்கல் இரண்டையும் மறுபடி எழுதி ஓட்டிச் சித்தியடைய வேண்டும். கமரா உண்மையிலேயே பிழையாக இருந்திருந்தாலும் இதில் எதுவும் மாறாது. வேகக் குற்றச்சாட்டு விழுந்துபோனாலும் 172ஆம் பிரிவுக் குற்றம் தனியாக நிற்கும்.

பெயரைச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம்தான் இதற்கு அடிப்படை. அப்படியல்ல. "அந்த நேரம் ஓட்டியது நான்" என்பது மட்டுமே அந்தப் படிவத்தில் உள்ள கூற்று. எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அப்போதும் வழக்குத்தொடுநரிடம்தான் இருக்கிறது. உங்கள் எதிர்வாதம் ஒரு துளியும் குறையாமல் இருக்கிறது. அதைச் சொல்லும் இடம் நீதிமன்றம்.

மௌனமாக இருக்கும் உரிமை உண்டே என்பார்கள். அந்த வாதம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 2007இல் தோற்றுவிட்டது. கையொப்பமிடாமல் அனுப்பினால் சாட்சியமாகாது என்ற பழைய யுக்தியும் வேலை செய்யாது. கையொப்பமில்லாத படிவம் பதில் தராததற்குச் சமம்.

செய்ய வேண்டியது இதுதான். படிவத்தை நிரப்பி, கையொப்பமிட்டு, இரண்டு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுங்கள். தபாலகக் கவுண்டரில் கொடுத்து, அனுப்பியதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள், இலவசம். கையொப்பம் வாங்கிக் கொடுக்கும் சேவை தேவையில்லை. சரியான முகவரிக்கு முத்திரை ஒட்டி அனுப்பியது நிரூபிக்கப்பட்டால், அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பொலிஸின் இணையத்தளத்தில் நிரப்புவதானால், கடைசியில் வரும் உறுதிப்படுத்தும் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். படம் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். ஓட்டியவரை அடையாளம் காண உதவியாகப் பல பொலிஸ் பிரிவுகள் படம் தருகின்றன. ஆனால் அதற்காக 28 நாள் நின்று காத்திருக்காது. பின்பக்கத்திலிருந்து எடுக்கும் கமராவென்றால் படத்தில் முகமும் இருக்காது.

கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிற கார், யாரென்று உண்மையாகவே நினைவில்லை என்றால்? "தெரியாது" என்று ஒரு சொல் எழுதி அனுப்பக்கூடாது. நியாயமான முயற்சி எடுத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காட்டினால் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. காட்ட வேண்டியவர் நீங்கள். இருவரின் தொலைபேசி இருப்பிடப் பதிவு, அன்றைய வங்கி அட்டைச் செலவு, வேலை ரோட்டா, பிள்ளையின் பாடசாலை நேரம் எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, ஓட்டியிருக்கக்கூடியவர்களின் பெயரும் முகவரியும் என்ன என்று எழுதி, அந்த 28 நாளுக்குள்ளேயே அனுப்புங்கள். நீதிமன்றத்தில் வந்து முதன்முறையாகச் சொன்னால் நம்புவது அரிது.

ஏற்கெனவே 172இல் மாட்டிவிட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கலாம். வேகம், 172 இரண்டும் ஒரே அறிவித்தலில் சாட்டப்பட்டிருந்தால், இரண்டுக்கும் சுற்றவாளி என்று பதில் கொடுத்து விசாரணைக்கு நேரில் போங்கள். வழக்கைக் கூப்பிடுமுன் வழக்குத்தொடுநரைச் சந்தித்து, 172ஐக் கைவிட்டால் வேகக் குற்றத்தை ஏற்கிறேன் என்று கேளுங்கள். யார் ஓட்டியது என்ற சாட்சியம் இல்லாமல் வேகக் குற்றத்தை அவரால் நிரூபிக்க முடியாது; அதனால் பெரும்பாலும் சம்மதிப்பார். அது உங்கள் உரிமையல்ல, நடைமுறை வழக்கம் மட்டுமே. இதையும் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் வேகத்துக்கு முன்கூட்டியே குற்றவாளி என்று எழுதி அனுப்பிவிட்டு, 172ஐ மட்டும் எதிர்க்க வருகிறார்கள். கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாதபோது வழக்குத்தொடுநர் எதற்காக இறங்கி வருவார்?

பொயின்டை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது

சிறை. பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூனுக்காக அவருடைய அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் 2003இல் பொயின்ட்டை ஏற்றார். பத்து வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் தலா 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வீடு மாறியும் வி5சியில் பழைய முகவரியை விட்டுவைப்பது

லைசென்ஸில் முகவரியை மாற்றினால் காரின் பதிவுப் புத்தகமான வி5சியிலும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. இரண்டையும் லைசென்ஸ், வாகனப் பதிவு வேலைகளைப் பார்க்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயிடம் தனித்தனியாக மாற்ற வேண்டும். முதல் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், நினைவூட்டலும் அங்கேயே போகும், குற்றச்சாட்டும் அங்கேயே. ஒரு நீதவான் தனியாக இருந்து காகிதத்தைப் பார்த்து உங்களைக் குற்றவாளியாக்குவார். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதோ தண்டப்பணம் அறவிடுபவர் கதவைத் தட்டும்போதோதான் உங்களுக்குத் தெரியவரும்.

தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் செய்யுங்கள். வழக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம் அது. நீதிமன்றத்திலோ சொலிசிட்டர் முன்னிலையிலோ செய்யலாம். தீர்ப்பு ரத்தாகி வழக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்கும். வழக்கு முடிந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்; மறுபடி பதில் கொடுக்க வேண்டும். கடிதம் கிடைக்கவில்லை என்பது மட்டும் 172க்கு முழு எதிர்வாதமும் ஆகாது, முகவரியை மாற்றாதது உங்கள் பொறுப்பு. அப்போதும் மேலே சொன்ன வேகம்–172 பேச்சுவார்த்தைதான் கைகொடுக்கும்.

14 நாளைப் பிழையாக எண்ணுவது

வழக்குத் தொடரப்படலாம் என்ற அறிவித்தல் சம்பவம் நடந்து 14 நாளுக்குள் வர வேண்டும் என்பது உண்மை. யாருக்கு வர வேண்டும் என்பதில்தான் சறுக்குகிறார்கள். பதிவு உரிமையாளருக்குப் போகும் முதல் கடிதத்துக்கே அந்தக் கணக்கு. கார் லீஸ் கம்பனியின் பெயரிலோ வேலையிடத்தின் பெயரிலோ இருந்தால், முதல் கடிதம் அவர்களுக்குப் போயிருக்கும். உங்களுக்கு வந்தது ஆறாவது வாரமாக இருந்தாலும் பயனில்லை. பொலிஸ் உங்களை வீதியில் மறித்து, வழக்கு வரலாம் என்று வாயால் சொல்லியிருந்தால் கடிதமே தேவையில்லை. சம்பவ நாளை எண்ணக்கூடாது. உறையை எறியக்கூடாது. 14 நாள் உண்மையிலேயே தவறியிருந்தாலும் 172 படிவத்துக்குப் பதில் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆறு மாதம் ஓடிவிட்டது என்று நிம்மதியடைவது

சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் குற்றச்சாட்டு பதிவானால் போதும். அது உங்கள் கையில் கிடைத்த திகதி கணக்கில்லை.

"குற்றவாளிதான், ஆனால்…" என்று எழுதுவது

குற்றச்சாட்டு அறிவித்தல் வந்தால் பதில் சொல்ல 21 நாள். அதில் குற்றவாளி என்ற பெட்டியில் அடையாளமிட்டுவிட்டு, கீழே "வேக எல்லைப் பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்தது" என்று எழுதுகிறார்கள். பலகை மறைந்திருந்தது என்பது எதிர்வாதம், மன்னிப்புக் கோரிக்கை அல்ல. எதிர்வாதம் இருந்தால் சுற்றவாளி என்று போடுங்கள். இல்லையென்றால் குற்றவாளி என்று போட்டு, வருமானத்தையும் சூழ்நிலையையும் மட்டும் எழுதுங்கள்.

படமில்லாமல் பலகையைப் பற்றிப் பேசுவது

தெருவிளக்குகள் 200 யார்டு இடைவெளிக்குள் தொடர்ந்து இருந்தால், வேறு பலகை இல்லாதபோது இங்கிலாந்தில் எல்லை 30 மைல். வேல்ஸில் 2023 செப்டெம்பர் 17 முதல் 20. அந்த வீதியில் இடையிடையே நினைவூட்டும் பலகை இருக்காது, இருக்கவும் கூடாது. "ஒரு பலகையும் இல்லை" என்ற வாதம் இங்கேதான் சாய்கிறது. 40 மைல் என்றோ, இங்கிலாந்தில் 20 என்றோ எல்லை வேறாக இருக்கும் வீதியில் மட்டுமே பலகைக்கு உயிர் உண்டு. எல்லை தொடங்கும் இடத்திலிருந்து கமராவரை நீங்கள் வந்த திசையிலேயே நடந்து, ஒவ்வொரு பலகையையும் சாரதியின் கண் உயரத்தில் படமெடுங்கள். இருட்டில் நடந்ததென்றால் இருட்டிலும் எடுங்கள். கடிதம் வந்த வாரமே போக வேண்டும்; வழக்கு வரும் நாளுக்குள் கிளையை வெட்டிவிடுவார்கள்.

கமராவே பிழை என்பவர்கள், வீதியில் வெள்ளைக் கோடு போட்டுப் பின்னாலிருந்து இரண்டு படம் எடுக்கும் வகையா என்று முதலில் பாருங்கள். இரண்டு படத்துக்கும் நடுவே பொதுவாக அரை வினாடி. 30 மைல் வேகத்தில் அரை வினாடியில் கார் 6.7 மீற்றர் நகரும், 40இல் 8.9 மீற்றர். கோடுகளை வைத்து அளந்தால் கமரா சொன்னது சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சரியாக இருந்தால் அந்த வாதத்தை அன்றே கைவிடுங்கள்.

தோற்றால் எவ்வளவு என்று கணக்குப் போடாமல் போவது

வாரம் 500 பவுண் உழைப்பவர், 30இல் 38. நீதிமன்றத்தில் தொடக்கத் தண்டப்பணம் வார வருமானத்தின் பாதி, 250 பவுண். முதலிலேயே குற்றத்தை ஏற்றால் மூன்றில் ஒரு பங்கு கழியும், 167 ஆகும். விசாரணை நடத்தித் தோற்றால் கழிவு இல்லை: 250, அதன்மேல் 40 சதவீத மேலதிகக் கட்டணம் 100, வழக்குச் செலவு என்று பல நூறு பவுண். முன்பே கிடைத்திருக்கக்கூடிய வகுப்பும் 100 பவுண் தீர்வும் அதற்குள் காலாவதியாகியிருக்கும். கையில் படமும் அளவும் இருந்தால் இந்தத் தொகையைப் பணயம் வைக்கலாம். ஆத்திரம் மட்டும் இருந்தால் வைக்கக்கூடாது.

மொழிபெயர்க்க மச்சானைக் கூட்டிப்போவது

அவரை ஏற்க மாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாக ஒழுங்கு செய்யும். பதில் படிவத்திலேயே கேட்க வேண்டும். அன்று காலையில் கேட்டால் வழக்கைத் தள்ளிப்போடுவார்கள்.

முதல் தவணையில் எல்லாம் முடியும் என்று எதிர்பார்ப்பது

பெரும்பாலும் முடியாது. அன்று பதிலைப் பதிந்து, எந்தச் சாட்சி வேண்டும், எதில் தகராறு என்று கேட்டு, விசாரணைக்கு வேறு நாள் குறிப்பார்கள். கமராவை இயக்கிய அதிகாரியை நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய எழுத்துக் கூற்றை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.