குன்னூர் மஞ்சில் கொடி ரோஜா: இலை கொட்டாமல் வளர்ப்பது எப்படி

குன்னூரில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையை ஒட்டி நான் முதன்முதலில் வைத்த கொடி ரோஜா ஒரே ஐப்பசி மழையில் மொட்டையாகிவிட்டது. ஆகஸ்டில் ஆள் உயரம் ஓடியிருந்தது, நவம்பரில் முள்ளும் குச்சியும்தான் மிச்சம். தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன், அதுவும் தலையோடு சேர்த்து, சாயங்காலம் பார்த்து! பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏன் கண்ணு, மஞ்சு ஊத்துறது பத்தாதா, நீயும் ஊத்தறியா?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே இருந்தது, எனக்குப் புரியத்தான் இரண்டு வருஷம் ஆனது.

விஷயம் இதுதான். ரோஜாவின் பெரிய எதிரியான கரும்புள்ளி நோய் ஒரு பூசணம். அதன் வித்து இலைமேல் விழுந்தாலும் உடனே ஒன்றும் ஆகாது, இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அது முளைத்து உள்ளே போகும். சமவெளியில் வெயில் ஏறியதும் இலைப்பனி காய்ந்துவிடும், நமக்கு மதியம் இரண்டு மணிக்கு இறங்கும் மஞ்சு, அதாவது மூடுபனி, மறுநாள் காலைவரை விலகாத நாட்கள் உண்டு. அதனால் கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும், இடம் பார்ப்பதிலிருந்து கவாத்து (கிளை வெட்டுவது) வரைக்கும், அந்த 7 மணி நேரத்தைக் குறைக்கிற வேலைதான்.

படி 1: இடம்

கிழக்கு பார்த்த சுவர் அல்லது வேலி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் நேராகப் பட்டு இலை சீக்கிரம் காயும். மொத்தத்தில் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மேற்குச் சுவர் ஆகாது என்பதில்லை, ஆனால் மதியத்துக்குமேல் மஞ்சு இறங்கும் ஊரில் மேற்கு வெயிலை நம்புவது கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மாதிரி. கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள், நான் வைத்தது அங்கேதான்.

சுவரை ஒட்டியும் நட வேண்டாம், ஒன்றரை அடி தள்ளி நட்டுச் செடியைச் சுவர்ப் பக்கம் சாய்த்து விடுங்கள்.

படி 2: செடி வாங்குவது

ஊட்டி அரசு ரோஜா பூங்கா 1995-ல், 100-ஆவது மலர்க் கண்காட்சியின் நினைவாக எல்க் மலைச் சரிவில் அமைக்கப்பட்டது, 2006-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருதும் கொடுத்தது. ரகம் பார்க்க அங்கே போங்கள், ஆனால் எல்லாரும் போகும் மே மாதத்தில் போகாதீர்கள். மழை அடித்து ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் போய்ப் பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். மருந்து அடித்துப் பராமரிக்கும் இடம்தான், இருந்தாலும் அந்த நேரத்திலும் அடிவரை இலை வைத்திருக்கும் கொடி எது என்று குறித்துக்கொண்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

என் அனுபவத்தில் கொடி ஐஸ்பெர்க் அள்ளிப் பூக்கும், ஆனால் கரும்புள்ளிக்குச் சீக்கிரம் மடியும். நியூ டான் என்ற வெளிர் இளஞ்சிவப்புக் கொடி ஓரளவு தாங்கும். அமெரிக்காவில் செடிகளுக்குக் காப்புரிமை கொடுக்க ஆரம்பித்தபோது, 1931-ல், முதல் காப்புரிமை வாங்கியது இந்த ரோஜாதான். கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி மணிப்பூர்ப் பக்கத்துக் காட்டு ரோஜாவான ரோசா ஜைகான்டியாவைக் கலந்து நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கொடிகளை உருவாக்கியிருக்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள். நம் சோலை ஓரங்களில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு மரமேறும் காட்டு ரோஜாவும் உண்டு. அதைப் பார்த்து ரசிப்பதோடு சரி, பெயர்த்துக்கொண்டு வர வேண்டாம்.

செடி ஒட்டுச்செடியாகத்தான் வரும், அதாவது வேறொரு ரோஜாவின் வேர்மேல் நீங்கள் கேட்ட ரகத்தை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேர்ச்செடியுடையது, அது ரொம்பச் செழிப்பாக வளர்ந்து உங்களை ஏமாற்றும். கத்தரியால் வெட்டினால் திரும்ப வரும், மண்ணை விலக்கி அது முளைத்த இடத்தோடு பிய்த்துவிடுங்கள்.

படி 3: குழியும் மண்ணும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். நம் மலை மண் அமில மண், தேயிலைக்கு அது பிடிக்கும், ரோஜாவுக்கு பிஹெச் (மண்ணின் அமில அளவைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-லிருந்து 6.5 வரை இருந்தால் நல்லது. சோதிக்க வசதியில்லையா? உங்கள் வாசலில் ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கிறதா என்று பாருங்கள், பூத்தால் மண்ணில் அமிலம் தூக்கல். அப்படியானால் அமிலத்தைக் குறைக்க, குழிக்கு இரண்டு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு மண்ணோடு கலந்து இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு, அப்புறம் நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு கூடையும் கொஞ்சம் எலும்புத் தூளும் சேருங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நட்டதும் மேலே சருகு மூடாக்கு போடுங்கள், மழைத்துளி மண்ணில் அடித்து இலைக்குத் தெறிப்பது அதனால் குறையும்.

படி 4: கம்பி கட்டிக் கொடியைப் படுக்க வைப்பது

இதைத்தான் புதிதாக வளர்ப்பவர்கள் தவறவிடுவார்கள், நானும் விட்டேன். கொடியை நேராக மேலே ஏற்றிக் கட்டினால் சத்தெல்லாம் நுனிக்கு ஓடி, கூரை உயரத்தில் நாலு பூ பூக்கும், கீழே வெறும் தண்டு நிற்கும். எங்கள் வீட்டுப் பூவை மேட்டுத் தெருக்காரர்கள்தான் பார்த்தார்கள்.

சுவரில் கொக்கி அடித்து ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக ஜிஐ கம்பி (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசியது) இழுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உங்கள் கை புகுந்து வெளியே வர வேண்டும், அந்தச் சந்தில் ஓடும் காற்றுதான் இலையின் பின்பக்கத்தைக் காய வைக்கும். அந்த வருஷத்துத் தண்டு பச்சையாக, வளையும் பதத்தில் இருக்கும்போதே அதைப் பக்கவாட்டில் விசிறி மாதிரி சாய்த்துக் கட்டுங்கள். ஒரே நாளில் முழுக்க வளைக்காதீர்கள். இன்றைக்குக் கொஞ்சம், நாலு நாள் கழித்து இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டால் பச்சைக் கரும்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கேட்டவர்களுக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். பழைய வேட்டியைக் கிழித்து எட்டு போல முறுக்கித் தளர்வாகக் கட்டினால் தண்டு அறுபடாது.

சாய்த்துக் கட்டிய சில வாரத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் அரிசி அளவில் ஒரு சிவப்பு மூக்கு எட்டிப் பார்க்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு பூங்கிளை.

படி 5: இலையைப் படிப்பது

வாரம் ஒருமுறை அடி இலைகளைப் புரட்டிப் பாருங்கள். காகிதத்தில் மை சிந்தி ஓரம் கசிந்த மாதிரி கருப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள் என்றால் கரும்புள்ளி. ஓரம் கூர்மையாக, ஊதா கலந்த சிவப்பில், நரம்புக்குள் அடைபட்ட மாதிரி திட்டு இருந்தால் அடிச்சாம்பல் நோய், குளிரும் ஈரமும் சேர்ந்தால் அது சட்டென்று பரவி இலையைக் கொட்டிவிடும். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி என்றால் துரு. மாவு தூவினாற்போல் வெள்ளையாகப் படிந்து இளந்தளிர் சுருண்டால் சாம்பல் நோய்.

இந்தச் சாம்பல் நோயிடம் மட்டும் என் ஈரக் கணக்கு செல்லாது. அதற்கு இலை நனைந்திருக்கத் தேவையே இல்லை. பகலில் வறண்ட வெயில், ராத்திரி குளிர் என்று ஜனவரி முதல் மார்ச் வரை இருக்கிறதே, அதுதான் அதற்குக் கொண்டாட்டம். அந்த மாதங்களில் காலையில் தண்ணீர் பீய்ச்சி இலையைக் கழுவிவிடுவதுகூட நல்லதுதான்.

கரும்புள்ளி விழுந்த இலையைக் கண்டதும் கிள்ளிவிடுங்கள், கீழே விழுந்ததையும் பொறுக்குங்கள், ஏனென்றால் பூசணம் அந்தச் சருகிலேயே தங்கி அடுத்த மழைக்குத் தெறித்து ஏறும். உரக்குழியில் போடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். செடி நன்றாக வளர்ந்தபின் தரையிலிருந்து ஓர் அடி உயரம்வரை இலையே இல்லாமல் எடுத்துவிடுவது என் வழக்கம். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் விடுங்கள்.

படி 6: மருந்து

குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஊட்டியும் அதற்கு மேற்கேயும் ஜூனிலேயே தென்மேற்கு ஆரம்பித்துவிடும். உங்கள் ஊர் மழைக்கு முன்னால் அடிப்பதுதான் மருந்து. புள்ளி விழுந்த இலையை எதுவும் பழையபடி ஆக்காது, புது இலையைக் காக்க மட்டுமே முடியும். கரும்புள்ளிக்கு மாங்கோசெப் என்ற பூசணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அதே 2 கிராம். இலையின் இரண்டு பக்கமும் படும்படி, காற்றில்லாத காலையில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அடியுங்கள். டப்பாவில் உள்ளதையும் படியுங்கள்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு நல்லது. ஆனால் எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கவே கூடாது. நான் நாலாம் நாளே அடித்து, நோய் செய்யாததை நானே செய்து முடித்தேன்: இலையெல்லாம் ஓரம் கருகி அப்பளம் மாதிரி ஆனது.

படி 7: கவாத்து

முதல் இரண்டு வருஷம் நீள் தண்டுகளில் கைவைக்காதீர்கள், காய்ந்ததை மட்டும் எடுங்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து ஜனவரி கடைசியில், உறைபனி குறைந்தபின், பூத்து முடிந்த பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். டிசம்பரிலேயே வெட்டினால் புதுத்தளிர் வந்து பனியில் கருகும். ரொம்பக் கிழடான தண்டு ஒன்றை மட்டும் அடியோடு எடுத்துவிட்டு இளந்தண்டுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும் லேடி பேங்க்ஸ் மாதிரிக் கொடியென்றால் இந்தக் கணக்கு கிடையாது, பூத்து முடிந்த பிறகுதான் கத்தரி, முன்னாடியே வெட்டினால் அந்த வருஷப் பூவையே வெட்டினதாகும்.

கடைசியாகக் காட்டெருமை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. போன மார்ச்சில் ஒன்று ராத்திரி வந்து கீழ் இரண்டு கம்பி வரிசையின் தளிரையும் முள்ளோடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. கிழிந்த நுனிகளைக் கணுவுக்குச் சற்று மேலே கத்தரியால் சுத்தமாக வெட்டிவிட்டு, ஒரு கூடைத் தொழுவுரம் போட்டேன். ஜூனில் அந்த இரண்டு வரிசையும் மற்றதைவிட அடர்த்தியாகப் பூத்தது. அக்கா இப்போது அந்த எருமையைத்தான் கூலிக்குக் கூப்பிடச் சொல்கிறார்.